இறால் தலையும் மீன் முள்ளும் உணவாகும் வழி: புதியவர்களுக்கான செய்முறை

முழு இறாலின் எடையில் 40 முதல் 50 சதவீதம் தலையும் ஓடும்தான். மீனைத் தோல் நீக்கி, முள் நீக்கித் துண்டமாக எடுத்தால் பல வகைகளில் பாதி எடைகூடத் தேறாது. மீதியெல்லாம் தலை, நடுமுள், தோல், துடுப்பு, குடல் என்று வாளிக்குப் போகிறது. ருசி தரும் அமினோ அமிலங்கள், கால்சியம், கொலாஜன், நல்ல கொழுப்பு ஆகியவற்றில் பெரும்பங்கு அந்த வாளிக்குள்தான் இருக்கிறது.

கத்தியில் இருந்து பிரிந்து விழும் நிமிடத்தில் இறால் தலை, இறால் சதையைப் போலவே புதிய உணவு. இரண்டு மணி நேரம் வெயிலில் கிடந்த பிறகு அதை எந்தச் செய்முறையாலும் மீட்க முடியாது. எனவே கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: வெட்டும் இடத்திலேயே தரம் முடிவாகிறது. அடுப்பில் வேலை அதற்குப் பிறகுதான்.

முதல் ஒரு மணி நேரம்

இறால் தலைக்குள் ஆரஞ்சு-பழுப்பு நிறத்தில் குழைந்த சுரப்பி ஒன்று இருக்கும். ஈரலும் கணையமும் சேர்ந்த வேலையைச் செய்வது அது. புரதத்தைக் கரைக்கும் நொதிகள் அதில் நிரம்பியிருக்கின்றன. இறால் செத்ததும் அவை தன் உடலையே செரிக்கத் தொடங்கும். மீனில் இதே வேலையைக் குடல் செய்கிறது. செவுளிலும் குடலிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் இன்னொரு பக்கம் பெருகுகின்றன. கடல் மீன்களில் இயற்கையாக உள்ள ஒரு சேர்மத்தை அவை டிரைமெத்திலமைனாக மாற்றும்போதுதான் நாம் கவிச்சி என்று சொல்லும் வாடை வருகிறது.

இவற்றை விடக் கவனிக்க வேண்டியது ஹிஸ்டமின். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற கருஞ்சதை மீன்களில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். குளிர்ச்சி தவறினால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக்கிவிடும். கொதிக்க வைத்தாலும், வறுத்தாலும், உறைய வைத்தாலும் அது போகாது. வாடையே இல்லாத மீனிலும் இருக்கலாம். சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வரும். "நன்றாக வேக வைத்துவிட்டோம்" என்ற சமாதானம் இதில் செல்லாது.

செய்ய வேண்டியவை:

1. வெட்டும் பலகையின் பக்கத்திலேயே ஐஸ் போட்ட டப்பாக்களை வையுங்கள். கழிவு எடைக்குச் சம எடை ஐஸ். தரையில் வைத்த வாளி வேண்டாம். தரையில் விழுந்ததைத் திரும்ப எடுக்கவும் வேண்டாம்.

2. வகை பிரியுங்கள். இறால், நண்டு ஓடுகள் ஒன்று. வெள்ளைச் சதை மீனின் தலை, நடுமுள் ஒன்று. கொழுப்பு மீனுடையது தனி. தோல் தனி. குடலும் செவுளும் தனி. கலந்து போட்டால் குடலின் நொதியும் பாக்டீரியாவும் மற்ற எல்லாவற்றையும் கெடுக்கும். ஒரே ஒரு பித்தப்பை உடைந்தாலே பத்து கிலோ தலைகளும் கசக்கும்.

3. ஒரு மணி நேரத்துக்குள் ஐஸில் புதையுங்கள். அன்றே சமைப்பது நல்லது. ஐஸில் 24 மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள்.

4. தாமதமாகும் என்றால் இறால் தலைகளைக் கொதிநீரில் 2 நிமிடம் போட்டு எடுத்து, ஐஸ் நீரில் ஆற்றி, 2-3 செ.மீ. தடிமனில் தட்டையாகப் பையில் அடுக்கி மைனஸ் 18 டிகிரியில் உறைய வையுங்கள். பச்சையாக உறைய வைத்தால், உருகும்போது நொதிகள் மீண்டும் எழுந்துகொள்ளும். தலைகள் கறுத்துக் குழையும். தலைகளைப் போட்டு எடுத்த வெந்நீரில் ருசி கொஞ்சம் இறங்கியிருக்கும். அதையும் சூப் நீரில் சேர்த்துவிடலாம்.

இறால் தலை கறுப்பது அழுகல் அல்ல. வெட்டிய ஆப்பிள் பழுப்பாவது மாதிரியான நொதி வேலை. ஆனாலும் அந்த இறால் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதற்கு அது சாட்சி. கறுப்பைத் தடுக்க சில இடங்களில் இறாலில் சல்ஃபைட் உப்புக் கரைசல் தெளிப்பதுண்டு. ஆஸ்துமா உள்ள சிலருக்கு அது ஆபத்து. ஓட்டில் அது தங்கும். ஓட்டைப் பொடியாக்கப் போகிறவர்கள், சல்ஃபைட் போட்டார்களா என்று கேட்காமல் சரக்கு எடுக்கவே கூடாது.

எதைத் தொடக் கூடாது

பேத்தை மீன், அதாவது ஊதிப் பெருக்கும் மீனின் எந்தப் பாகமும் வேண்டாம். பவளப்பாறைப் பகுதியில் திரியும் பெரிய வேட்டை மீன்களின் தலை, ஈரல், குடலையும் ஒதுக்குங்கள். பாசி வழியாக ஏறும் சிகுவாடாக்சின் என்ற நஞ்சு அவற்றில்தான் செறிந்திருக்கும், வெப்பத்துக்கு அழியாது. சுறா போன்ற பெரிய மீன்களின் ஈரலில் உடலுக்கு ஒவ்வாத அளவு வைட்டமின் ஏ இருக்கலாம். கணவாயின் ஈரல் காட்மியம் என்ற நச்சு உலோகத்தைச் சேர்த்து வைக்கும் உறுப்பு. கணவாயில் தோல், துடுப்பு, கால் நறுக்கல், மைப்பை இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நண்டு ஓட்டை உடைக்கும்போது பக்கவாட்டில் இருக்கும் பஞ்சு போன்ற செவுள் இதழ்களைப் பிய்த்துப் போடுங்கள்.

தூண்டிலில் பிடித்த மீன் தலைகளில் கொக்கி மாட்டியிருக்கும். அரைப்பதற்கு முன் வாயையும் தொண்டையையும் விரலால் தடவிப் பாருங்கள். மிக்ஸி பிளேடு உடைவதோடு முடிந்தால் நல்லது. சாப்பிடுபவர் தொண்டையில் மாட்டினால் வேறு கதை.

இறால் தலைச் சாறு

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதில் தொடங்குங்கள். தவறு நடந்தால் உடனே நாக்கில் தெரியும், திருத்தவும் எளிது.

ருசி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் கை தானாகச் சரியாக வேலை செய்யும். 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இகேதா கடற்பாசிச் சாற்றில் குளுட்டமேட்டைக் கண்டறிந்து அதன் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். 1913-இல் ஷின்தாரோ கொதாமா, உலர்ந்த சூரையில் இனோசினேட் என்ற இன்னொரு உமாமிப் பொருளைக் கண்டார். இவை இரண்டும் ஒன்றாக நாக்கில் படும்போது, தனித்தனியே தருவதைக் கூட்டியதை விடப் பல மடங்கு சுவை எழும். இறாலில் இந்த இரண்டாவது வகைப் பொருள்களும், இனிப்பு தரும் கிளைசினும் நிறைய. குளுட்டமேட் கூடுதலாகத் தர ஒரு கைப்பிடி தக்காளி விழுதோ உலர் காளானோ கடற்பாசியோ போதும். உப்பை ஏற்றிச் சுவை தேடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

தேவை: இறால் தலையும் ஓடும் 1 கிலோ, வாடையில்லா எண்ணெய் 30 மி.லி., தக்காளி விழுது 60 கிராம், தண்ணீர் ஒன்றரை லிட்டர்.

நெற்றியில் நீளும் கூர்முள்ளைக் கத்திரியால் வெட்டுங்கள். ஐஸ் நீரில் ஒரே முறை வேகமாக அலசி, நன்றாக வடிய விடுங்கள். பல முறை கழுவினால் தலைக்குள் இருக்கும் ஆரஞ்சுக் குழைவு போய்விடும், ருசியே அதுதான்.

அகலமான பாத்திரத்தில் எண்ணெயைச் சூடாக்கி, ஓடுகளை ஒரே அடுக்காகப் போட்டு 8-10 நிமிடம் வறுங்கள். முதலில் சடசடவென்று நீர் வெளியேறும் ஓசை கேட்கும், கவிச்சி எழும். நீர் வற்றியதும் ஓசை மெலிந்து, வறுத்த கொட்டை போன்ற மணம் வரும். அந்த மணம்தான் பதம். ஒரே நேரத்தில் அதிகம் கொட்டினால் ஓடுகள் தங்கள் நீரிலேயே வேகும், அந்த மணம் வரவே வராது. இரண்டு தடவையாக வறுங்கள். அடியில் பிடித்துக் கறுத்தால் அந்தக் கசப்பை எதைச் சேர்த்தும் மறைக்க முடியாது.

தக்காளி விழுதைச் சேர்த்து 2 நிமிடம் கிளறி, தண்ணீர் ஊற்றி, மர மத்தாலோ கனமான கரண்டியாலோ தலைகளை நசுக்குங்கள். 85-95 டிகிரியில், அதாவது ஓரத்தில் மட்டும் குமிழ் வரும் சூட்டில், 30-40 நிமிடம். தளதளவென்று கொதிக்க விட்டால் கொழுப்பு நீரோடு கலந்து சாறு சேறு போலக் கலங்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் ஓட்டின் சுண்ணாம்பு ருசி இறங்கும்.

சல்லடையில் ஊற்றி, திப்பியை அழுத்திப் பிழிந்து, பிறகு துணியில் ஒரு முறை வடியுங்கள். ஏறக்குறைய 1.2 லிட்டர் கிடைக்கும். இதை 300 மி.லி. வரை சுண்ட வைத்தால் கெட்டிச் சாறு. உப்பு போடுவதானால் சுண்டிய பிறகு மட்டும். முன்பே போட்டால் நான்கு மடங்காகக் கரிக்கும்.

ஆற வைப்பதிலும் அவசரம் வேண்டும். பாத்திரத்தை ஐஸ் நீரில் நிறுத்திக் கிளறி, 2 மணி நேரத்துக்குள் 20 டிகிரிக்கும், அடுத்த 4 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் கீழே இறக்குங்கள். குளிர்பதனப் பெட்டியில் 2 நாள்; ஐஸ் தட்டில் ஊற்றிக் கட்டிகளாக உறைய வைத்தால் 3 மாதம்.

இன்னும் அடர்த்தியான சாறு வேண்டுமென்றால், நாம் பயந்த அந்த நொதிகளையே வேலைக்கு வைக்கலாம். பச்சைத் தலைகள் 1 கிலோவை அரைத்து, அதன் மேல் கொதிக்கும் நீர் 1 லிட்டரைக் கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். கலவை சட்டென்று 45-50 டிகிரியைத் தொடும். அப்படியே 55 டிகிரிக்கு ஏற்றி, ஒரு மணி நேரம் அதே சூட்டில் வையுங்கள். தெர்மாமீட்டர் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். 20 முதல் 45 டிகிரிக்குள் நின்றுவிட்டால் பாக்டீரியாவுக்குத்தான் விருந்து. 70-ஐத் தாண்டினால் நொதி செயலிழந்து ஒன்றும் நடக்காது. கூழ் போல இருந்த கலவை கரண்டியில் இருந்து நீராக வழியத் தொடங்கும். அப்போது 95 டிகிரிக்கு ஏற்றி 15 நிமிடம் வைத்து நொதியை அடக்கி, வடிகட்டுங்கள். வறுத்த மணம் இதில் இருக்காது. சதைப்பற்றான ஆழம் கூடுதலாக இருக்கும். மேலே சொன்ன வறுத்த சாற்றோடு பாதிக்குப் பாதி கலந்தால் இரண்டின் நன்மையும் கிடைக்கிறது.

சிவப்பு எண்ணெய்

பச்சை இறால் சாம்பல் நிறமாகவும் வெந்த இறால் சிவப்பாகவும் இருப்பதற்குக் காரணம் அஸ்டாக்சாந்தின் என்ற நிறமி. பச்சையில் அது ஒரு புரதத்தோடு பிணைந்து நீல-சாம்பலாகத் தெரிகிறது. சூட்டில் புரதம் குலைந்ததும் விடுபட்டுச் சிவக்கிறது. இந்த நிறமி நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகவே நிறமும் மணமும் வேண்டுமென்றால் எண்ணெய்தான் வழி.

அரை கிலோ தலை-ஓட்டைத் துணியில் ஒற்றி ஈரம் எடுத்து, அரை லிட்டர் வாடையில்லா எண்ணெயில் போட்டுச் சிறு தீயில் வையுங்கள். நீர் இருக்கும் வரை எண்ணெய் 100 டிகிரிக்கு அருகிலேயே நிற்கும். பெரிய குமிழ்கள் வந்துகொண்டே இருக்கும். 40-60 நிமிடத்தில் குமிழ்கள் கடுகளவாகச் சிறுத்து, பிறகு ஏறக்குறைய நின்றுவிடும். நீர் போய்விட்டது என்று பொருள். அதன் பின் சூடு மளமளவென்று ஏறும். 120 டிகிரியைத் தாண்டும் முன் இறக்குங்கள். தாண்டினால் சிவப்பு மங்கிப் பழுப்பாகும்.

வடிகட்டி, கண்ணாடிக் குடுவையில் ஒரு மணி நேரம் தெளிய விடுங்கள். அடியில் கலங்கலாக நீர் தங்கினால் மேலே உள்ள தெளிந்த எண்ணெயை மட்டும் ஊற்றி எடுங்கள். அந்தத் துளி நீரை அலட்சியமாக எண்ணாதீர்கள். எண்ணெய்க்குள் காற்று புகாது. ஈரமும் புரதமும் சேர்ந்தால், பாட்டுலிசம் என்ற நோயைத் தரும் கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமிக்கு ஏற்ற இடமாகிவிடும். நிறமோ மணமோ மாறாமலே நஞ்சு இருக்கலாம். எனவே இந்த எண்ணெய் அலமாரிக்கு உரியதல்ல: குளிர்பதனப் பெட்டியில் 2 வாரம், ஃப்ரீசரில் 3 மாதம், அடர்நிறப் பாட்டிலில். வெளிச்சம் பட்டால் நிறமும் போகும், சிக்கு வாடையும் வரும்.

ஓட்டுப் பொடி

உலர்ந்த இறால் ஓட்டில் புரதம், சுண்ணாம்பு, கைட்டின் மூன்றும் இருக்கின்றன. கைட்டின் நமக்குப் பெரிதாகச் செரிக்காத நார்ப்பொருள். அதனால் இது மாவைப் போல அள்ளிப் போடும் பொருள் அல்ல. உணவின் எடையில் 1-3 சதவீதம் சேர்க்கும் சுவையூட்டி.

சாறு எடுத்த திப்பியைப் பொடியாக்க நினைக்க வேண்டாம். ருசி போன பிறகு மிஞ்சுவது கொரகொரப்பு மட்டுமே. பொடிக்குப் புதிய தலைகளை ஒதுக்குங்கள்.

1. கூர்முள்ளை வெட்டுங்கள். நிறம் வெளுப்பாக வேண்டுமென்றால் கண்களையும் எடுத்துவிடுங்கள்.
2. ஆவியில் 10 நிமிடம் வேக வையுங்கள். பச்சையாகக் காய வைத்தால் கறுக்கும், காயும் நேரத்தில் கிருமியும் பெருகும்.
3. ஒரு செ.மீ.க்கு மேல் தடிமன் இல்லாமல் பரப்பி, 60 டிகிரியில் 8-10 மணி நேரம் உலர்த்தியில் காய வையுங்கள். அவசரப்பட்டு 90 டிகிரியில் வைத்தால் மேலே கெட்டிப்பட்டு உள்ளே ஈரம் அடைபடும்.
4. ஒன்றை எடுத்து ஒடித்தால் "டக்" என்று உடைய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம்.
5. 120 டிகிரியில் 10 நிமிடம் வறுத்து, முற்றிலும் ஆறிய பிறகு அரையுங்கள். சூடாக அரைத்தால் கொழுப்பு இளகி, பிளேடில் அப்பும்.
6. மாவுச் சல்லடையை விட நுண்ணிய சல்லடையில் சலித்து, மேலே நிற்பதைத் திரும்ப அரையுங்கள்.

ஒரு கிலோவுக்கு 200 கிராம் சுற்றி வரும். எளிய தூவல் பொடிக்கு: ஓட்டுப் பொடி 50 கிராம், உப்பு 25, சர்க்கரை 10, பூண்டுப் பொடி 10, மிளகு 4, சிட்ரிக் அமிலம் 1 கிராம். கடைசிப் பொருள் கொஞ்சம்தான், ஆனால் விடாதீர்கள். டிரைமெத்திலமைன் காரத்தன்மை உள்ளது. அமிலம் அதைப் பிணைத்து ஆவியாக விடாமல் பிடித்துக்கொள்ளும். மீனுக்கு எலுமிச்சை பிழிவதன் ரகசியமும் இதுவே.

நடுமுள்ளில் ஒட்டிய சதை

துண்டம் எடுத்த நடுமுள்ளில் நல்ல சதை ஒட்டியிருக்கும். ஸ்பூனின் விளிம்பால் தலைப் பக்கத்தில் இருந்து வால் பக்கமாகச் சுரண்டுங்கள். எதிர்த்துச் சுரண்டினால் பொடி முள்ளும் சேர்ந்து வரும். அதற்கு முன் முதுகெலும்பின் அடியில் ஓடும் கருஞ்சிவப்புக் கோட்டைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் குளிர்நீரில் தேய்த்து நீக்குங்கள். அது சிறுநீரகமும் உறைந்த இரத்தமும். அதில் உள்ள இரும்பு கொழுப்பைச் சீக்கிரம் காறலாக்கும், சதையைச் சாம்பல் நிறமாக்கும்.

இந்தச் சதையில் உருண்டை செய்யும்போது, வெந்தபின் உதிர்கிறது என்ற புகார்தான் அதிகம் வரும். மாவு போதவில்லை என்று மேலும் மாவு கொட்டுகிறார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

சுரண்டிய சதை அரை கிலோவை மூன்று பங்கு ஐஸ் நீரில் 5 நிமிடம் கிளறி, துணியில் பிழியுங்கள். இரண்டு முறை போதும். இரத்தமும் நொதிகளும் நீரில் கரையும் புரதமும் போய், இழுவை தரும் மயோசின் புரதம் மிஞ்சும். ஃப்ரீசரில் வைத்து ஓரம் விறைக்கும் வரை குளிர்வித்து, 10 கிராம் உப்பு மட்டும் சேர்த்து மிக்ஸியில் விட்டுவிட்டு 2-3 நிமிடம் அரையுங்கள். உப்புதான் மயோசினைக் கரைத்து வெளியே எடுக்கும். எனவே மாவுக்கு முன்பு உப்பு. சதை பளபளத்து, விரலில் ஒட்டி நூலாக இழுபடும்போது, பொடித்த ஐஸ் 60 கிராம், மாவுச்சத்து 30 கிராம், சர்க்கரை 5 கிராம், மிளகு சேர்த்து இன்னொரு நிமிடம். முழு நேரமும் 10 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். மிக்ஸி ஜார் கைக்கு வெதுவெதுப்பாகத் தெரிந்தால் புரதம் அப்போதே குலையத் தொடங்கிவிட்டது.

உருண்டைகளை 40 டிகிரி நீரில் 30 நிமிடம் வைத்தால் மெதுவாக இறுகும். அங்கிருந்து நேரே 90 டிகிரி நீருக்கு மாற்றி 20 நிமிடம் வேக வையுங்கள். நடுவில் 50 முதல் 65 டிகிரியில் தங்கக் கூடாது. கழுவியும் போகாத நொதிகள் அந்தச் சூட்டில்தான் வெறித்தனமாக வேலை செய்து, இறுகிய வலையை அறுத்துவிடும். குளிர்நீரில் போட்டு மெல்ல மெல்லச் சூடாக்குகிறவர்களின் உருண்டை உதிர்வதற்குக் காரணம் இதுதான். வெந்ததை ஐஸ் நீரில் ஆற்றுங்கள்.

தலையும் எலும்பும்

வெள்ளைச் சதை மீனின் தலை, எலும்பில் தெளிந்த சாறு வரும். செவுளை நீக்கி, உப்பு கலந்த ஐஸ் நீரில் 20-30 நிமிடம் ஊற வைத்து இரத்தம் இறக்கி, கிலோவுக்கு ஒன்றரை லிட்டர் குளிர்நீரில் தொடங்கி, 85 டிகிரி அளவில் 25-30 நிமிடம். அவ்வளவுதான். மாட்டெலும்பு போல மணிக்கணக்கில் வைத்தால் கசப்பும் சுண்ணாம்பும்தான் வரும். கொழுப்பு மீனின் தலை தெளிந்த சாறுக்கு ஆகாது. அதை 200 டிகிரி அவனில் 20 நிமிடம் வாட்டி, வடிந்த கொழுப்பை ஊற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

வெந்த எலும்பில் இருந்து கால்சியப் பொடி எடுக்கலாம். எலும்பை மட்டும் தனியாக்கி, பிரஷர் குக்கரில் முழு அழுத்தத்தில் 60-90 நிமிடம். பெரிய சூரை எலும்புக்கு 2 மணி நேரத்துக்கு மேலும் ஆகும். நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரு விரலால் அழுத்தினால் சாக்பீஸ் போல நொறுங்குவது பதம். வெந்நீரில் இரண்டு முறை அலசிக் கொழுப்பைப் போக்குங்கள். இதைச் சோம்பலில் விட்டால் பொடி ஒரே மாதத்தில் காறும். 70 டிகிரியில் காய வைத்து, முடிந்த வரை நுண்ணியதாக அரைத்துச் சலியுங்கள். முகப்பவுடர் போல விரலில் தேய வேண்டும். மணல் போல் இருந்தால் பல்லில் நறநறக்கும்.

கொழுப்பு நீங்கிய இந்தப் பொடியில் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கால்சியம். பெரியவர் ஒருவருக்கு நாளுக்குச் சுமார் 1000 மில்லிகிராம் தேவை என்றால், 2 கிராம் பொடியே அதில் நாற்பது சதவீதத்தைத் தாண்டும். எனவே மாவில் 1-2 சதவீதம் போதும். விற்பதற்கு என்றால் ஈயம் உள்ளிட்ட கன உலோகங்களுக்கு ஆய்வகச் சோதனை கட்டாயம் செய்யுங்கள். ஈயம் சேர்ந்தால் எலும்பில்தான் சேரும்.

தோல், சிப்பி வேகவைத்த நீர்

தோலில் செதிலும் உட்புறக் கொழுப்பும் போகச் சுரண்டி, கொதிநீரில் ஒரு நிமிடம் காட்டி, 50-55 டிகிரியில் காய வையுங்கள். 180-190 டிகிரி எண்ணெயில் சில நொடிகளில் பொரியும். ஈரம் அதிகமானால் ரப்பர்; எலும்பாகக் காய்ந்துவிட்டால் பொங்காமல் கருகும். ஊதிப் பொரிய வைக்கும் நீராவிக்குப் பத்தில் ஒரு பங்கு ஈரம் உள்ளே இருக்க வேண்டும். மேலே இறால் பொடியைத் தூவினால் வேறு எதுவும் வேண்டாம்.

சிப்பி, மட்டி வேக வைத்த நீரை மணல் தெளிய விட்டு, துணியில் வடித்து, ஐந்தில் ஒரு பங்காகச் சுண்ட வைத்து, சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்த்தால் அருமையான சாஸ். உப்பு தானாகவே இருக்கும். ஒரு எச்சரிக்கை: சில பாசிகள் பெருகும் காலத்தில் சிப்பியில் ஏறும் நஞ்சு வெப்பத்துக்கு அழியாது, வேகும் நீரிலும் இறங்கும். அறுவடைக்கு அனுமதி உள்ள நீர்நிலைச் சிப்பி என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அந்த நீரைக் கொட்டிவிடுங்கள்.

நொதித்த சாஸ்

நுணுக்கிய தலை, சிறுமீன், நறுக்கல்களோடு, பித்தப்பை நீக்கிய புதிய குடலும் கொஞ்சம் சேர வேண்டும். கரைக்கும் நொதி அதில்தான். எடையில் மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு. கண்ணளவில் போடாமல் தராசில் நிறுங்கள். மொத்த எடையில் உப்பு 25 சதவீதம் வரும். "கரிக்குமே" என்று பாதியாகக் குறைத்தால் நொதித்தல் அழுகலாக மாறும். ஹிஸ்டமின் ஏறும், பாட்டுலிச ஆபத்தும் உண்டு. உப்பு குறைந்த சாஸ் வேண்டுமானால் பரிமாறும்போது நீர் சேர்க்கலாம்.

கண்ணாடி அல்லது உணவுத்தரப் பிளாஸ்டிக் ஜாடியில் அழுத்தி நிரப்பி, மேலே ஒரு விரல் தடிமனுக்கு உப்பு போட்டு, பாரம் வைத்து, ஈ புகாமல் கட்டுங்கள். 30-35 டிகிரி சூழலில் முதல் மாதம் வாரம் ஒரு முறை கிளறுங்கள். குறைந்தது 6 மாதம். ஒரு வருடம் ஆனால் மணம் திரண்டு வரும். வடித்த திரவம் தேன் நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டும். அழுகிய முட்டை வாடையோ சாம்பல் கலங்கலோ இருந்தால் முழு ஜாடியும் குப்பைக்கு.

காத்திருக்க முடியாதவர்களுக்குப் பப்பாளி நொதியான பப்பெயின். நுணுக்கிய நடுமுள் 1 கிலோ, கொதிநீர் 1 லிட்டர், உணவுத்தரப் பப்பெயின் 2 கிராம். 60 டிகிரியில் ஒரு மணி நேரம், பிறகு 95-இல் 15 நிமிடம். இங்கே எதிரி கசப்பு. புரதம் அளவுக்கு மீறி நறுங்கினால் கசக்கும் துணுக்குகள் வெளிப்படும். 30-ஆம் நிமிடத்தில் இருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் எடுத்து, தனியே கொதிக்க வைத்து ருசி பாருங்கள். கசப்பின் நிழல் தெரிந்ததும் உடனே சூட்டை ஏற்றி நிறுத்துங்கள்.

அடைப்பதும் குறிப்பதும்

பொடிகளை ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு காற்றுப்புகா உறையில் அடையுங்கள். கட்டி தட்டினால் ஈரம் ஏறிவிட்டது. திரும்பக் காய வைத்து மீட்க நினைக்காதீர்கள். உறையின் மேல் "இறால்", "நண்டு", "மீன்", "சிப்பி" என்று எது இருக்கிறதோ அதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். ஓட்டுடலிகளுக்கான ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் கொதித்தாலும் வறுத்தாலும் அழியாது. வெறும் "கடல் சுவையூட்டி" என்று எழுதினால் ஒருவர் உயிருக்கே ஆபத்து. பொடி அரைத்த மிக்ஸியில் வேறு உணவு அரைப்பதும் அதே தவறு.

ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் எண். நோட்டில் அந்த எண்ணுக்கு நேராக: எந்த மீன், எப்போது வெட்டியது, எத்தனை மணிக்கு ஐஸில் போனது, எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம், கிடைத்த எடை. விற்பனைக்கு முன் ஹிஸ்டமின், சால்மொனெல்லா, மொத்தக் கிருமி எண்ணிக்கை, ஈரப்பதம் இவற்றைச் சோதனைக்கு அனுப்பும்போது ஆய்வகம் கேட்பதும் இந்த விவரங்களைத்தான். மூடி உப்பிய பாட்டில் கண்ணில் பட்டால் திறக்காதீர்கள், ருசி பார்க்காதீர்கள். எண்ணைப் பார்த்து, அதே தொகுதியில் போன எல்லாப் பாட்டில்களையும் அன்றே திரும்ப எடுத்துவிடுங்கள்.